இளவரசர் வீட்டில் பாதிக் கோப்பி

தங்கை ஒரு ஜெர்மன்காரரைக் கலியாணம் செய்யப்போவதாகச் சொன்னபோது நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். எழுபத்தைந்தாம் ஆண்டு. டண்டினொங் ரயில் பாதைக்குப் பக்கத்தில் இரண்டு அறை வாடகை வீடு. நான் நாலைந்து வருடங்களுக்கு முன்பே மெல்பனுக்கு வந்து, ஒரு நில அளவை அலுவலகத்தில் காணிப் படம் வரையும் வேலையில் இருந்தேன். அவள் தாதியாக வந்து இரண்டு வருடம். தோசை கருகிப் புகை எழும்பியது. கையில் தட்டகப்பையோடு நான் அப்படியே நின்றேன். அவள்தான் வந்து அடுப்பை அணைத்தாள்.

ஆள் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராம். இயந்திரத்தில் கை வெட்டுப்பட்டு இவள் வேலை செய்யும் வார்டுக்கு வந்தவராம். கைக் காயம் மாறிவிட்டது, ஆள் மட்டும் வருவதை நிறுத்தவில்லையாம். இதையெல்லாம் அவள் வெட்கப்படாமல் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த எனக்குத்தான் காது சுட்டது.

"என்ன ஆக்கள்?" என்று கேட்டேன்.

யாழ்ப்பாணத்தில் இந்த இரண்டு சொல்லைக் கேட்டால் சாதி என்ன என்று அர்த்தம். ஒரு வெள்ளைக்காரனைப் பற்றி இந்தக் கேள்வியைக் கேட்டவன் மெல்பனிலேயே நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினேன்.

அவளுக்கு இருபத்தெட்டு வயது. என் அனுமதி அவளுக்குத் தேவையில்லை, பதிவுக் கந்தோருக்குப் போய்க் கையெழுத்து வைத்துவிட்டு வரலாம். ஆனால் அவள் இரண்டு விஷயம் கேட்டாள். அப்பா சம்மதம் என்று ஒரு கடிதம் எழுதவேண்டும். அப்பாவால் வரமுடியாது என்றபடியால் நான் அவர் இடத்தில் நின்று, தண்ணீர் ஊற்றித் தாரை வார்த்து அவளைக் கொடுக்கவேண்டும். "வேறை ஒண்டும் கேக்கேல்லை அண்ணா" என்றாள்.

முடியாது என்றேன். அப்பா தாங்கமாட்டார் என்றேன். அடுத்த இரண்டு வாரமும் அவள் எதைச் சொன்னாலும் இந்த ஒரே வசனத்தைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னேன். பொய் இல்லை என்று அப்போது நினைத்தேன். அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அம்மா போன பிறகு மூச்சிழுப்பு வருத்தத்தோடு தனியே இருந்தார். அவருடைய பாட்டனார் முதலியார். வெள்ளைக்கார அரசாங்கம் கொடுத்த பட்டம். தங்கப் பொத்தான் வைத்த கோட்டும் இடுப்பில் வாளுமாக அவர் நிற்கும் படம் எங்கள் கூடத்தில் தொங்கியது. வாளால் அவர் ஒரு வாழைக்குலைகூட வெட்டியதில்லை என்று அம்மா சொல்லுவா. ஆனாலும் முதலியார் முதலியார்தான். அந்த ஒரு சொல்லை வைத்து மூன்று தலைமுறை நிமிர்ந்து நடந்திருக்கிறோம்.

மூன்றாவது வாரம் அவள் கலியாணப் பதிவுக்கான பத்திரத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போனாள். வேண்டுமென்றே வைத்தாளோ தெரியாது. மாப்பிள்ளையின் பெயர் இருந்த இடத்தில் கண் போனது. முதல் பெயருக்குப் பின்னால் 'பிரின்ஸ் ஃபொன்' என்று இருந்தது, அதன் பின்னால் ஒரு ஊர்ப்பெயர். எனக்கு ஜெர்மன் தெரியாது. பிரின்ஸ் என்றால் என்னவென்று தெரிய ஜெர்மன் படிக்கத் தேவையில்லை.

அவள் குளித்துவிட்டு வரும்வரை பத்திரத்தைக் கையிலேயே வைத்திருந்தேன். இது என்ன என்று கேட்டேன்.

"அது அவையின்ரை பேர் அண்ணா. அதைப் பாத்து ஒண்டும் நினைக்காதேங்கோ. அது வந்து..."

கையைக் காட்டி அவளை நிறுத்தினேன். எனக்குத் தெரியும் என்றேன். எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.

அடுத்த சனிக்கிழமை நகரத்துப் பெரிய நூலகத்துக்குப் போனேன். தலைக்கு மேலே கோபுரம்போல் கூரை எழும்பிய வாசிப்பு மண்டபத்தில், தடித்த புத்தகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்துக்கொண்டு மாலைவரை இருந்தேன். அந்த வம்சம் இருந்தது. அதன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பெரிய வம்சம் அல்ல, ஆனால் பழையது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒரு மலைக்கோட்டையும், ஆற்றில் போகும் வள்ளங்களிடம் வரி வாங்கும் உரிமையும் வைத்திருந்த பிரபு ஒருவர். ஐந்நூறு வருடம் பிரபுக்களாகவே இருந்துவிட்டு, பேரரசருக்குப் படை அனுப்பியதற்காக ஒருபடி மேலே ஏற்றப்பட்டார்கள். அன்றிலிருந்து குடும்பத் தலைவருக்கு ஒரு பட்டம், மற்றப் பிள்ளைகள் எல்லோருக்கும் பிரின்ஸ், பிரின்செஸ். பிறகு பிரெஞ்சுப் படைகள் வந்து போன குழப்பத்தில் நாடு பக்கத்துப் பெரிய நாட்டுக்குள் போய்விட்டது. பட்டம் போகவில்லை.

வாசிக்க வாசிக்க எனக்கு வாய் உலர்ந்தது. பக்கத்துப் புத்தகம் ஒன்றில் இன்னும் பெரிய அதிர்ச்சி. சின்ன வயதில் பள்ளிக்கூட முற்றத்தில் வெயிலில் நின்று, எந்த அரசருக்காக நாங்கள் தொண்டை கிழியப் பாடினோமோ, அவருடைய குடும்பமே ஜெர்மனியிலிருந்து வந்ததாம். முதலாம் யுத்தத்தில் ஜெர்மன் பெயரோடு இருப்பது இசைகேடாகப் போக, தங்களுடைய கோட்டை ஒன்றின் பெயரைக் குடும்பப் பெயராக ஒரே அறிக்கையில் மாற்றிக்கொண்டார்களாம். எங்கள் முதலியாருக்குப் பட்டம் கொடுத்த கை ஒரு ஜெர்மன் கை! நான் புத்தகத்தை மூடிவிட்டுத் திரும்பத் திறந்து பார்த்தேன். அப்படித்தான் இருந்தது.

ஆனால் என்னை ஆளையே மாற்றியது இன்னொன்று. அந்த அரச குடும்பங்களில் சமமான குலத்தில்தான் கலியாணம் செய்யலாமாம். தாழ்ந்த இடத்தில் பெண் எடுத்தால், கலியாணத்தில் அவளுடைய கையை இடது கையால்தான் பிடிக்கவேண்டுமாம். அவளுக்குப் பட்டம் இல்லை, பிள்ளைகளுக்கும் இல்லை. இதை நான் மூன்று தரம் வாசித்தேன். கடவுளே, இவர்கள் எங்கள் ஆட்கள் என்று நினைத்தேன். பத்தாயிரம் மைலுக்கு அப்பால், பனியில், பன்றி இறைச்சி தின்றுகொண்டு, யாழ்ப்பாணத்தான்போலவே யோசிக்கிற ஒரு கூட்டம். அந்த மண்டபத்தில் எழும்பி நின்று யாரையாவது கட்டிப்பிடிக்கலாம்போல் இருந்தது.

கடைசிப் பந்தியில், முதலாம் யுத்தம் முடிந்து, பத்தொன்பதாம் ஆண்டு குடியரசு வந்து பட்டங்களை வெறும் குடும்பப் பெயராக்கிவிட்டது என்றும் எழுதியிருந்தது. வாசித்தேன். கடந்து போனேன். என்னுடைய தொழிலுக்கு இது மன்னிக்கமுடியாத பிழை. ஒரு காணி உறுதிப் பத்திரத்தைக் கையில் எடுத்தால், அது யாரிடமிருந்து யாருக்கு வந்தது, முதுசமா, சீதனமா, தேடிய தேட்டமா என்று அடிமுதல் பார்க்காமல் எங்கள் ஊரில் பேனாவைத் தொடமாட்டார்கள். இந்த மாப்பிள்ளையின் பெயர் அவருக்கு எப்படி வந்தது என்று நான் ஒருதரமும் கேட்கவில்லை.

அன்றிரவே அப்பாவுக்கு நான்கு பக்கம் எழுதினேன். பதில் இரண்டு கிழமையில் வந்தது. அப்பா அப்படி எழுதி நான் பார்த்ததில்லை. இராச சம்பந்தம் என்று எழுதியிருந்தார். கோயிலில் அர்ச்சனை செய்தாராம், ஐயரிடமே விஷயத்தைச் சொல்லிவிட்டாராம். ஐயரிடம் சொன்னால் ஊருக்கே சொன்னமாதிரி. கடிதத்தைத் தங்கையிடம் கொடுத்தேன். அவள் வாசித்துவிட்டு முகம் வெளிறிப்போய் என்னைப் பார்த்தாள். அப்பாவுக்கு என்ன எழுதினீர்கள் என்று கேட்டாள். உண்மையைத்தான் எழுதினேன் என்றேன். முதலில் ஒருதரம் மாப்பிள்ளையின் தகப்பனை வந்து பாருங்கள் என்றாள். அதைத்தானே நானும் நினைத்திருக்கிறேன் என்றேன்.

நினைத்தது மட்டுமா? இரண்டு கிழமையாக ஆயத்தம் செய்துகொண்டிருந்தேன். சமமான குலம் என்று அவர்கள் பார்ப்பார்களே, எங்கள் பக்கத்தைக் காட்ட வேண்டாமா? அலுவலகத்தில் படம் வரையும் மெழுகுத் துணியில் ஒரு முழம் வெட்டியெடுத்து, கறுப்பு மையால் எங்கள் வம்சாவளியை வரைந்தேன். எட்டுத் தலைமுறை. முதலியாரை நடுவில் பெட்டி கட்டி, இரட்டைக் கோடு போட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக நான் ஒரு படம் வரைந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனோம். டண்டினொங் சந்தைக்குப் பின்னால் ஒரு சின்னப் பலகை வீடு. முன்னால் தக்காளிச் செடிகள், ஒவ்வொன்றுக்கும் ஒழுங்காகத் தடி கட்டியிருந்தது. நான் கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டுக்கொண்டு, வெள்ளித்தட்டில் தேங்காயும் பழமும் வைத்து, கக்கத்தில் வம்சாவளியைச் சுருட்டிக்கொண்டு போனேன். கதவைத் திறந்த கிழவர் மெலிந்த ஆள், தலை முழுக்க நரை, அது அப்படி ஒழுங்காக வெட்டி வாரியிருந்தது. நான் குனிந்து, யுவர் ஹைனஸ் என்றேன். அவர் திரும்பித் தன் பின்னால் யார் நிற்கிறார் என்று பார்த்தார்.

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். மாப்பிள்ளை, கையில் தழும்போடு, அடக்கமான பொடியன், தட்டை என்னிடமிருந்து வாங்கி எங்கே வைப்பது என்று தெரியாமல் வானொலிப் பெட்டியின்மேல் வைத்தார்.

கிழவர் தானே சுட்ட கேக் வெட்டினார். மெல்லிய பீங்கான் கப்பில் கோப்பி ஊற்றித் தந்தார். நல்ல கோப்பி. இரண்டு வாய் குடித்துவிட்டு நான் வம்சாவளியை மேசையில் விரித்தேன். அவர் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டு ஒவ்வொரு பெயராகப் பார்த்தார். கோடுகள் எவ்வளவு நேராக இருக்கின்றன என்று வியந்தார். பிறகு, தன்னுடைய வம்சாவளி மிகவும் சின்னது என்று சொல்லி உள்ளே போய், ஒரேயொரு தாளைக் கொண்டுவந்து என் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். முத்திரை குத்திய பழுப்புத் தாள். தத்தெடுத்த பத்திரம்.

கோட்டை மலையின் அடியில் இருந்த ஊரில் அவருடைய தகப்பன் சவரத் தொழிலாளியாம். தினமும் காலையில் மலை ஏறிப்போய்க் கிழ இளவரசருக்குச் சவரம் செய்வாராம், இவர் சின்னப் பொடியனாகச் சுடுதண்ணீர்க் கேத்தலைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவாராம். குடியரசு வந்து வேலையாட்கள் எல்லோரும் போனார்கள். இளவரசரும் செத்துப்போனார். பிள்ளையில்லாத விதவை மட்டும் மிஞ்சினார். உறவினர்கள் தளபாடத்துக்குச் சண்டை பிடித்தார்களே தவிர, அவவைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. அப்போது இவரும் தொழில் பழகிவிட்டார். கிழமைக்கு ஒருநாள் மலையேறிப் போய் அவவின் தலையைக் கழுவி, வாரிப் பின்னிவிட்டு வருவாராம், அவவால் கையைத் தோளுக்குமேல் தூக்கமுடியாது. இவருக்கு இருபத்திரண்டு வயதானபோது அவ பத்திரம் எழுதும் நொத்தாரிசைக் கூப்பிட்டு இவரைப் பிள்ளையாக எழுதிவிட்டா. பட்டம் வெறும் பெயராகிவிட்டதால், பெயர் பிள்ளைக்கு வரும். உறவினர்கள் இன்றுவரை தங்கள் குலப் புத்தகத்தில் இவரைச் சேர்க்கவில்லை.

"ஆட்சி இல்லை, நிலம் இல்லை, பெயர் மட்டும்தான்" என்றார் ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி. "எனக்குத் தர அவவிடம் வேறு ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை."

இந்த நாட்டுக்கு வந்தும் இருபது வருடம் முடி வெட்டியதாகச் சந்தோஷமாகச் சொன்னார். பின் அறையில் அந்தக் கதிரை இன்னும் இருக்கிறதாம். என் பிடரியைப் பார்த்தார், தொழில்காரரின் பார்வை. கலியாணத்துக்கு முதல்நாள் வாருங்கள், நானே வெட்டி விடுகிறேன் என்றார்.

எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டுக்கு இரண்டு கிழமைக்கு ஒருமுறை முடிவெட்ட வருபவர் பின்வளவில்தான் நிற்பார். அவருக்குத் தேத்தண்ணீர் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றிக் கொடுப்போம். குடித்ததும் அவரே அதை வேலிக்கு அப்பால் எறிந்துவிட்டுப் போவார். அதை நான் சின்ன வயதில் நூறு தரம் பார்த்திருக்கிறேன், ஒருநாளும் யோசித்ததில்லை. இப்போது அவர் சாதியில் பிறந்த ஒருவருடைய வீட்டில், அவருடைய கதிரையில், அவருடைய கப்பில் வாய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என் கை தானாகவே கப்பைக் கீழே வைத்தது. பாதிக் கோப்பி அதில் இருந்தது.

கிழவருக்கு ஒன்றும் தெரியவில்லை. தங்கை பார்த்துவிட்டாள். கப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"கோப்பியைக் குடிச்சு முடியுங்கோ அண்ணா" என்றாள் தமிழில், மிக மெதுவாக.

வயிறு சரியில்லை என்றேன். அதை மாப்பிள்ளை தகப்பனுக்கு ஜெர்மனில் சொல்ல, கிழவர் பதறிப்போய்க் குசினிக்கு ஓடி, ஏதோ இலை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரை வேறு கப்பில் கொண்டுவந்து தந்தார். அதையும் நான் குடிக்கவில்லை. முப்பத்தைந்து வயது ஆண்பிள்ளை, படித்தவன், கப்பைப் பிடித்துக்கொண்டு அது ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது பாதி வழியில் அவள் நின்றாள். பிறகு, அப்பாவுக்கு உள்ளதை உள்ளபடி எழுதும்படி சொன்னாள். பொய்யான சம்மதம் தனக்கு வேண்டாம் என்றாள். அப்பாவைக் கொல்லச் சொல்கிறாயா என்று கத்தினேன். ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இந்தக் கலியாணத்தில் நான் நிற்கமாட்டேன், அப்பாவுக்காகத்தான் சொல்கிறேன் என்றேன்.

"அப்பாவுக்காகவோ?" என்றாள். அவ்வளவுதான். அடுத்த நாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரித் தாதிமார் விடுதிக்குப் போய்விட்டாள்.

கலியாணத் திகதி எழுதிய அட்டை கடிதப் பெட்டிக்குள் கிடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை. அன்று நான் வேலைக்குப் போனேன். நாள் முழுவதும் ஒரே எல்லைக் கோட்டை வரைந்து வரைந்து அழித்தேன். பின்னேரம் வந்து அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன். மாப்பிள்ளையின் அரச குடும்பத்தில் ஒரு துக்கம், அவர்கள் வழக்கப்படி ஒரு வருடம் நல்ல காரியம் செய்யமாட்டார்கள், ஆகவே கலியாணம் தள்ளிப்போகிறது என்று எழுதினேன். எங்கிருந்துதான் அந்தப் பொய் வந்ததோ தெரியாது, ஒரு இடத்திலும் வெட்டித் திருத்தாமல் எழுதி முடித்தேன்.

மூன்று கிழமை கழித்து அப்பாவின் கடிதம் வந்தது. அலுவலகத்தால் வந்து, சப்பாத்துக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று உடைத்தேன்.

நான் எழுதிய துக்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தங்கை எல்லாவற்றையும் தனக்கு எழுதியதாக எழுதியிருந்தார். தத்தெடுத்தது, சவரத் தொழில், நான் பாதியில் வைத்த கோப்பி, எல்லாம். கோயில் வீதியில் ஆட்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும் என்று எழுதியிருந்தார். "இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அதை மறைக்கமாட்டேன். மூன்றாம் நாள் சம்மதம் என்று அவளுக்குத் தந்தி அடித்தேன்."

அந்த வரியைத் திரும்ப வாசித்தேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். அப்பா தாங்கமாட்டார், அப்பா தாங்கமாட்டார் என்று நான் மாதக்கணக்காகச் சொன்ன அப்பா, மூன்றே நாளில் தாங்கிவிட்டார். தாங்காதவன் நான். அவர் பெயரைச் சொல்லி நான் என்னைத்தான் மறைத்துவைத்திருந்திருக்கிறேன். அந்த ரோட்டில் ஒரு சொல்லில் அவள் கேட்டது இதைத்தான்.

கடிதத்தில் இன்னும் நாலு வரி இருந்தது. மடித்து உள்ளே வைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். வாசித்தேன்.

"அவளுடைய இரண்டாவது கடிதமும் வந்தது. கையெழுத்து வைத்த பின்னேரம் அவர்கள் வீட்டில் விளக்கேற்றிச் சடங்கு செய்தார்களாம். பெண் பக்கத்தில் நிற்க ஒருவரும் இல்லை என்று அந்தக் கிழவரே என் இடத்தில் நின்று, தண்ணீர் ஊற்றி, என் பிள்ளையைத் தன் மகனுக்குத் தாரை வார்த்தாராம். ஊற்றும்போது அழுதாராம். நீ அங்கே இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் நான் தந்தி அடித்தேன். தம்பி, நீ எங்கே நின்றாய்?"